ஆடிப் பதினெட்டில் ஒரு படகு

அத்தியாயம் 14

ஆடி மாதத்தில் மீன்கடைக்காரிக்கு இரண்டே வேலைதான். ஐஸ் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்று. எதிர் வரிசையில் முருங்கைக்காயும் கீரையும் பறந்து பறந்து விற்பதைப் பார்த்து வயிறெரிவது மற்றொன்று.

செவ்வாய்க்கிழமை முற்பகல், சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் வைதேகி அந்த இரண்டையும் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்று மீன் போயிருந்தது. மூன்றையும் வாங்கியது பக்கத்துக் கடை ஆஸ்மா. இரக்கப்பட்டுத்தான் வாங்கியிருப்பாள் என்று வைதேகிக்குச் சந்தேகம்.

"என்னக்கா இது, பஃபலோ ரோட்டுல நடக்க முடியல," என்றாள் ஆஸ்மா. "எல்லார் கையிலயும் மஞ்சளும் பூவும். தீபாவளி சீக்கிரமே வந்துடுச்சா?"

"நாளைக்கு ஆடிப் பதினெட்டுலா. அதுக்குத்தான்…"

சொல்லிக்கொண்டிருந்தவளின் கை, செதில் சுரண்டும் கத்தியோடு அப்படியே நின்றது.

ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, கல்லாப்பெட்டிக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு காகிதத்தை உருவினாள். நான்கு நாளாக அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகைதான் வந்தது. இப்போது சிரிப்பு வந்தது.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டவர்களுக்காக, அந்தக் காகிதத்தின் கதை.

வைதேகியின் கணவர் கோவிந்தராசு, செம்பவாங் கரையிலிருந்து விடியற்காலையில் படகெடுத்து, நீரிணையில் மிதக்கும் பண்ணைக்குப் போய்க் கொடுவா மீன் ஏற்றி வருகிறவர். தேக்காவில் அவர்கள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த மீன்தான். மூன்று வாரத்துக்கு முன் பண்ணைக் கயிறு படகின் புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்டது. என்ஜினை நிறுத்திவிட்டு, கயிற்றை எடுக்கத் தண்ணீருக்குள் கையை விட்டார். முறுக்கேறியிருந்த கயிறு விடுபட்ட வேகத்தில் புரொப்பெல்லர் இலை ஒரு சுற்றுச் சுற்றியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போனது.

பண்ணைக்காரர் பயந்துவிட்டார். இந்த வெள்ளிக்கிழமைமுதல் புரொப்பெல்லர் வைத்த படகு தன் வலைப்பக்கம் வரக்கூடாது, வேறு படகோடு வருகிறவருக்கே மீன் என்று சொல்லிவிட்டார். கோவிந்தராசுவோ பழைய படகின் புரொப்பெல்லரைச் சுற்றிக் கம்பிக்கூடு கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஒற்றைக் கையோடு தானே போய், கூட்டைக் காட்டிச் சம்மதிக்க வைத்து ஏற்றி வருவதாகத் திட்டம். சொன்னால் செய்கிற மனிதர். அதுதான் வைதேகியின் தூக்கத்தைக் கெடுத்தது.

ஜெட் படகு இருந்தால் தீர்ந்தது. அடிவயிற்றில் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கம் பீய்ச்சியடித்து ஓடுகிற படகு அது. வெளியே சுழல்கிற இலையே கிடையாது. ஆனால் இந்த 2022இல் அதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாயிருந்தது. என்ஜினுக்குச் சிப் இல்லை, ஏற்றி வரக் கப்பல் இல்லை, பதினான்கு மாதம் பொறுங்கள் என்று நான்கு கடைகள் கையை விரித்தன. செம்பவாங்கிலேயே இருந்த ஐந்தாவது கடையில் ஒன்றே ஒன்று நின்றது. பட்டியல் விலை அறுபத்திரண்டாயிரம் வெள்ளி. அதற்கு மேல் 'தட்டுப்பாட்டுக் கட்டணம்' என்று பத்தொன்பதாயிரம்.

அறுபத்திரண்டு வரை புரட்டிவிட்டார்கள். அதற்கு மேல் ஒரு வெள்ளிகூடப் பெயராது.

அந்த நேரம் பார்த்துத்தான் கோவிந்தராசுவின் அக்கா லீலா வாயை விட்டார். மீன்கடை லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது. காசோலையில் வைதேகியோடு அவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எதுவானாலும் ஆடி முடியட்டும், ஆடியில் நாங்கள் ஒரு ஊசிகூட வாங்க மாட்டோம் என்று கடையின் விற்பனையாளன் மயூரனிடம் சொல்லிவைத்தார்.

மயூரனுக்குச் சட்டென்று பெரிய மனது வந்துவிட்டது. ஆகஸ்ட் ஐந்துக்குள் கையெழுத்து, சோதனை ஓட்டம், டெலிவரி மூன்றும் முடிந்தால் பட்டியல் விலை மட்டும் கொடுத்தால் போதும் என்று விலைச்சீட்டின் அடியில் எழுதி, கடை முத்திரையான சாப்பையும் குத்திக் கொடுத்தான். ஆடி முடிவது பதினாறில். வாங்க முடியாத நாளுக்குச் சலுகை கொடுப்பதில் யாருக்கு நஷ்டம்? ஆவணியில் வந்து பத்தொன்பதாயிரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, தப்பு நம்முடையதுதான் என்று நொந்துகொண்டு போவார்கள்.

நல்ல கணக்கு. ஆடிக்குள் ஒரு பதினெட்டு இருப்பது மட்டும் அதில் விட்டுப்போயிருந்தது.

* * *

புதன்கிழமை காலை, செம்பவாங் வீட்டு அடுப்படியில் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் ஆறிக்கொண்டிருந்தன. புளியோதரைக்குத் தாளிதம் நடந்தது. ஒவ்வோர் ஆடிப்பெருக்குக்கும் லீலா கடற்கரைக்குப் போய்த் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டு வருவார். பூவும் மஞ்சளும் கடலுக்குக் காட்டப்படும், கடலில் போடப்படாது. ஒரு வருடம் போட்டு அபராதம் கட்டியபின், ஜிப் வைத்த பைதான். காட்டியதை அதிலேயே திரும்பக் கொண்டுவந்துவிடுவார்.

முந்தைய நாளே சொல்லத் துடித்த நாக்கை வைதேகி கட்டிப்போட்டிருந்தாள். லீலா அண்ணி குளித்து, விளக்கேற்றி, கையில் கரண்டி பிடித்து நிற்கும் நேரம்தான் சரியான நேரம். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்ததில் கற்றது.

"அண்ணி, இன்னைக்கு ஊரே தங்கம் வாங்குது. தாலிக்கயிறு மாத்துறாங்க. அதெல்லாம் ஆடிக்குள்ளதானே நடக்குது?"

லீலா கரண்டியை நிறுத்தவில்லை. "தங்கம் வேற. படகு வேற."

"தண்ணியைக் கும்பிடுற நாளு. தண்ணியில போற வண்டி. இதைவிடப் பொருத்தமா ஒண்ணு சொல்லுங்க, நான் பேசாம மீன் வெட்டப் போறேன்."

கடுகு வெடித்து அடங்கியது. கறிவேப்பிலையும் வெடித்து அடங்கியது. அண்ணி அடுப்பை அணைத்தார். கூடத்துக்குப் போய்க் கோயில் நாட்காட்டியை மூக்குக்கண்ணாடி இல்லாமல் ஒரு முறையும், போட்டுக்கொண்டு ஒரு முறையும் படித்தார்.

"பன்னண்டுக்கு ராகு காலம், அதுக்கப்புறம் இன்னைக்கு நல்ல நேரமே இல்ல. அதுக்குள்ள ஆரம்பிச்சாப் பார்க்கலாம். இல்லேன்னா ஆவணிதான். அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

வைதேகி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

கோவிந்தராசு வீட்டில் இல்லை. விடிந்ததுமே படகுத்துறைக்குப் போய்விட்டார், கம்பிக்கூட்டுக்குக் கடைசி முடுக்கு முடுக்க. அவரிடம் சொல்லாமல் கிளம்புவது என்று முடிவானது. சொன்னால், வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்பார். காயம் பட்ட மனிதரிடம் வாதாடி ஜெயிப்பது கஷ்டம்.

மகள் திவ்யதர்ஷினி அலுவலக உடையில் அறையைவிட்டு வந்தாள். இருபத்தாறு வயது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. தானும் வருவதாகச் சொன்னாள். ஆபீஸ் என்னாவது என்று வைதேகி கேட்டதற்கு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சுருக்கமாகப் பதில் வந்தது. இருந்த அவசரத்தில் வைதேகி அந்தச் சுருக்கத்தைக் கவனிக்கவில்லை.

"ஏ பிள்ளை, தொப்பி எடுத்துக்க," என்றார் லீலா. "ஆவணி மொத ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. ஏசி ரூம்ல உக்காந்து கணக்குப் பாக்குற பொண்ணுன்னு சொல்லி வச்சிருக்கேன். கருத்துப் போய் நிக்காத."

"சரி அத்தை," என்றாள் தர்ஷினி. தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

* * *

கடலை ஒட்டிய படகுக்கடை வாசலில் ஒரு சிறு மேசை. அதன்மேல் ஆரஞ்சுப் பழங்கள், கேக், புகையும் ஊதுபத்திகள். சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்து அன்றோடு ஆறு நாள். இறந்தவர்கள் இந்த மாதத்தில் உலா வருவார்கள், தண்ணீரில் இறங்கினால் ஆளை இழுப்பார்கள் என்ற நம்பிக்கையில் கடை முதலாளி படையல் வைத்திருந்தார். லீலா அந்த மேசையைச் சுற்றி மரியாதையாக ஒதுங்கி நடந்தார்.

மணி பத்து ஐம்பது.

உள்ளே, இழுவண்டிமேல் அந்தப் படகு நின்றது. சாம்பல் நிறம், நாலரை மீட்டர் நீளம், மூக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாக. தர்ஷினி நேரே போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மயூரன் சிரித்த முகமாக எழுந்து வந்தான். முப்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை. "வாங்க அன்ட்டி. ஆவணிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கே, அதுக்குள்ள பார்க்கணும்னு ஆசை வந்துடுச்சா?"

வைதேகி காகிதத்தை மேசைமேல் வைத்துத் தடவிவிட்டாள். உறையின் ஓரத்தில் ஒரு கொடுவாச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சாம் தேதி வரைக்கும்னு எழுதியிருக்கீங்க தம்பி. இன்னைக்கு மூணுதான்."

மயூரன் தன் கையெழுத்தை வேறு யாருடையதோ போலப் படித்தான். பிறகு லீலாவைப் பார்த்தான். கடைசி நம்பிக்கை அவர்தான்.

"அன்ட்டி, இது ஆடி மாசம்தானே? நீங்கதானே சொன்னீங்க, ஊசிகூட வாங்க மாட்டோம்னு."

"ஊசி வாங்க மாட்டோம் தம்பி," என்றார் லீலா. "படகு வாங்குவோம். இன்னைக்குப் பதினெட்டு."

"பதினெட்டுன்னா?"

அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்து குமாஸ்தா வேலையில் அமர்ந்த குடும்பம். "எங்கட வீட்டில ஆடிப்பிறப்புக்கு அம்மா கூழ் காய்ச்சுவா. அதோட சரி. பதினெட்டு எல்லாம்…" என்று இழுத்தான். பதற்றத்தில் அவன் பேச்சே வீட்டுப் பேச்சாகிவிட்டது.

லீலா அவனுக்கு ஆடிப்பெருக்கை விளக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, காவிரியிலிருந்து தொடங்கி. வைதேகிக்குக் கடிகாரத்தின்மேல் கண். பதினொன்று ஐந்து.

அதற்குப் பிறகு மயூரன் ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்தான். சீட்டு பழையது, தொழிற்சாலையில் விலை ஏறிவிட்டது என்றான். தேதியையும் சாப்பையும் வைதேகி விரலால் தொட்டுக் காட்டினாள். இழுவண்டி தனி விலை என்றான். அதுவும் சேர்த்தே எழுதியிருந்தது. கணினி மெதுவாக இருக்கிறது, பன்னிரண்டு ஐந்துக்கு மேல் வந்தால் நிதானமாகப் பார்க்கலாம் என்றான். ஆடிப்பெருக்கு தெரியாத பிள்ளைக்குப் புதன்கிழமை ராகு காலம் மட்டும் நிமிடக் கணக்காகத் தெரிந்திருந்தது.

கடைசியில் துருப்பை இறக்கினான். மூன்று மணிக்கு வேறொருவர் வருகிறார், எண்பத்தோராயிரமும் கையோடு கொண்டுவருகிறார்.

வைதேகி அவன் கண்ணைக் கவனித்தாள். வேறு ஆள் வருகிறான் என்று சொல்கிற வியாபாரி, உண்மையாகவே ஆள் வருவதாயிருந்தால் வாசலைப் பார்ப்பான். சரக்கு கைவிட்டுப் போகிறதே என்று வருந்தினால் சரக்கைப் பார்ப்பான். மயூரன் தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தான்.

"தம்பி, வாசல்ல உங்க முதலாளி தவுக்கே ஊதுபத்தி கொளுத்தி வச்சிருக்கார். ஏழாம் மாசம். இந்த மாசத்துல எங்க புளோக்ல ஒருத்தர்கூட பிள்ளைங்களை நீச்சல் குளத்துக்கே விடறதில்ல. மூணு மணிக்கு வந்து படகு வாங்குற அந்தத் தைரியசாலி யாரு? நானும் பார்க்கணும்லா. இங்கேயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்தும்விட்டாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க முதலாளி, காலில் ரப்பர் செருப்போடு வந்து, என்ன சத்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மயூரன் விளக்கத் தொடங்குமுன் வைதேகி காகிதத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுத்தைப் படிக்கவில்லை. சாப்பைத்தான் பார்த்தார். உன் கையால் குத்தினாயா என்று மயூரனிடம் கேட்டார். அவன் தலையாட்டினான்.

அப்படியானால் அந்த விலைதான், என்று முதலாளி முடித்துவிட்டார். இந்தக் கடையின் சாப்பு ரப்பரால் ஆனதே தவிர, இழுத்த இழுப்புக்கு நீளாது என்றும் சொன்னார். வைதேகி எழுந்து அந்த மனிதருக்குக் கும்பிடு போட்டாள்.

மயூரன் மட்டும் இன்னும் விழவில்லை. "சோதனை ஓட்டம் இருக்கே பாஸ்," என்று மெதுவாக நினைவூட்டினான்.

முதலாளியின் முகம் மாறியது. கடையின் படகோட்டி ஏழாம் மாதம் முடியும்வரை தண்ணீரில் இறங்க மாட்டான். இறங்கச் சொல்லவும் தனக்கு மனம் வராது என்றார். சோதனை ஓட்டம் இல்லாமல் படகைக் கையில் கொடுப்பதும் முறையில்லை. மாதம் முடிவது இருபத்தாறாம் தேதி. சீட்டு ஐந்தாம் தேதியோடு சரி. அவர் உண்மையாகவே வருந்தினார்.

மணி பதினொன்று முப்பத்தைந்து.

வைதேகி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள். கண்முன் வெள்ளிக்கிழமை விடியற்காலை வந்து நின்றது. இருட்டுத் தண்ணீர், பழைய படகு, கட்டுப்போட்ட கையோடு குனிகிற ஒரு மனிதர்.

"நான் ஓட்டலாமா, அங்கிள்?"

தர்ஷினி இன்னமும் படகின் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். பணப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். படகோட்டும் உரிமம். பத்தொன்பது வயதில், பல்கலைக்கழக விடுமுறையில், சும்மா இருக்க முடியாமல் எடுத்தது. ஏழு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் அப்பாவின் பழைய படகை ஓட்டி ஓட்டி, அட்டையின் முனை உப்பில் வெளிறியிருந்தது.

முதலாளி அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் காலில் இருந்த குதிகால் செருப்பைப் பார்த்தார். அவள் அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

வாங்குகிறவர் தரப்பில் உரிமம் உள்ளவர் ஓட்டினால் சட்டப்படி தடையில்லை என்று முதலாளி மயூரனுக்குச் சொன்னார். மயூரன் அதற்கான படிவத்தை எடுத்துவர, முதல் தடவையாக அன்று ஓடினான்.

* * *

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு லீலா காசோலையில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தலையில் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, எழுத்துக்கு எழுத்து. வைதேகிக்கு அந்தக் கையெழுத்து ஒரு மைல் நீளத்துக்குப் போவதுபோல் இருந்தது.

பதினொன்று நாற்பத்தேழுக்கு ஒரு புதுச் சிக்கல். லீலா பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு படகைச் சுற்றி வந்தார். ஒரு முறை சுற்றினார். மறுபடியும் சுற்றினார்.

"வைதேகி, இதுக்குச் சக்கரம் எங்கே?"

புது வண்டி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறாமல் கிளம்பினதாக அவர் அறுபது வருட வாழ்க்கையில் பார்த்ததில்லை. படகுக்கு எங்கே வைப்பது? தர்ஷினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வைதேகிக்குச் சிரிக்க நேரமில்லை. வழி சொன்னவன் மயூரன்.

"இழுவண்டிக்குச் சக்கரம் இருக்கு அன்ட்டி. அதுவும் விலையில சேர்த்திதான்."

லீலா அவனை அன்று முதல் தடவையாகப் பிரியமாகப் பார்த்தார். பழங்கள் சக்கரத்துக்கு அடியில் போயின. படகின் மூக்கில் குங்குமம் வைத்தாயிற்று. முதலாளி தன் பங்குக்கு மூன்று ஊதுபத்தியைக் கொளுத்திக் கரையோரம் நட்டு, தண்ணீரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். இந்தப் பிள்ளை எனக்குத் தெரிந்த பிள்ளை, வழி விடுங்கள் என்று சொன்னதாகப் பிற்பாடு மயூரன் மொழிபெயர்த்தான். இழுவண்டி சரிவில் பின்னோக்கி இறங்க, எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. படகு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தது.

தர்ஷினி ஏறி, என்ஜினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அவள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் தானே நின்றுவிடும். தூரத்திலிருந்து பார்த்த லீலா அதைக் காப்புக் கயிறு என்று நினைத்து, இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று மெச்சிக்கொண்டார்.

என்ஜின் உயிர் பெற்றபோது மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

* * *

வைதேகி கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகு முதலில் கன்றுக்குட்டிபோல் அங்கும் இங்கும் திமிறியது. பின்னால் பீய்ச்சியடிக்கிற தண்ணீர்தான் திசை காட்ட வேண்டும், அந்தப் பழக்கம் வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று தர்ஷினி கத்திச் சொன்னாள். அவளுக்கு இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது. கரை பின்னால் ஓடியது. எதிரே ஜொகூர்க் கட்டடங்கள் வெயிலில் மின்ன, நடுவில் மிதவைகளும் பலகைகளுமாகப் பண்ணை நெருங்கியது.

முதல் கயிறு தெரிந்தது. பச்சைப் பாசி படிந்து, தண்ணீருக்கு ஒரு சாண் கீழே பாம்புபோல் கிடந்தது. கோவிந்தராசுவின் விரலைத் தின்ற கயிறும் அதே வரிசையில் ஒன்றுதான்.

"அம்மா, பிடிச்சுக்க."

நிறுத்து என்று சொல்ல வைதேகி வாயெடுத்தாள். சொல்லவில்லை. இதைப் பார்க்கத்தானே இத்தனை பாடு.

தர்ஷினி வேகத்தைக் குறைத்து, படகைக் கயிற்றுக்குக் குறுக்கே விட்டாள். கயிறு அடியில் நுழைந்தது. இழுப்பு இல்லை, அதிர்வு இல்லை. கயிறு மறுபக்கம் வெளியே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் ஆடிக்கொண்டு கிடந்தது. இரண்டாவது கயிறு. மூன்றாவது.

நான்காவதைத் தாண்டும்போது வைதேகி வாய்விட்டுச் சிரித்தாள். உப்புத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. எது கடல், எது கண்ணீர் என்று பிரித்துப் பார்க்க அவள் மெனக்கெடவில்லை.

பண்ணைக்காரர் பலகைமேல் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். யாரென்று தெரிந்ததும் கையை ஆட்டி, படகின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார். தர்ஷினி படகைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை, காலை ஐந்து மணி.

* * *

திரும்பி வந்தபோது சரிவின் அடியில், முழங்கால் தண்ணீரில், கோவிந்தராசு நின்றுகொண்டிருந்தார். மகள் படகில் போவதைப் பக்கத்துத் துறையிலிருந்து யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கையில் இன்னமும் குறடு.

தர்ஷினி என்ஜினை அணைக்கும்வரை பொறுத்தார். சாவியை எடுத்துக் காட்டு என்றார். அவள் எடுத்துக் காட்டினாள். பிறகு படகின் பின்பக்கம் போய்க் குனிந்து, நல்ல கையான இடது கையை மெல்லத் தண்ணீருக்குள் விட்டார். படகின் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே போனார். வைதேகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தேடியது. இருக்க வேண்டிய இடத்தில் தேடியது, இல்லாத இடத்திலும் தேடியது.

"ஒண்ணும் இல்ல வைதேகி," என்றார். "வழவழன்னு இருக்கு."

"அதுக்குத்தான் வாங்கினேன்."

அவர் குறடைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். கம்பிக்கூட்டுக்கு வாங்கிய போல்ட்டையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்வார்களா தெரியவில்லை என்றார். அவ்வளவுதான். அந்த மனிதரிடம் அதற்கு மேல் பாராட்டு எதிர்பார்ப்பது பேராசை.

மேலே மேசைமேல் லீலா கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டார். முதலாளிக்கு எலுமிச்சை சாதம் பிடித்துப் போய்விட்டது. மயூரன் புளியோதரையை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு, அடுத்த வருடம் இந்தப் பதினெட்டு எந்தத் தேதியில் வருகிறது என்று விசாரித்தான்.

"எதுக்குத் தம்பி?"

"காலண்டர்ல எழுதி வச்சுக்கத்தான் அன்ட்டி. அன்னைக்கு லீவு போட்டுடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான்.

கடைசிப் படிவம் ஒன்று பாக்கி இருந்தது. படகின் வழக்கமான ஓட்டுநர் யார் என்ற கட்டம். கோவிந்தராசுவின் கை ஆற இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு யார் ஓட்டுவது என்பதை இத்தனை ஓட்டத்தில் தான் யோசிக்கவே இல்லை என்பது வைதேகிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆள் தேட ஒரே நாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

தர்ஷினி பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் சரி," என்றாள் வைதேகி. "சனிக்கிழமையும் சரி. திங்கள்கிழமை ஆபீஸுக்கு யார் போவா?"

"யாரும் போக வேண்டாம்மா. போன திங்கள்கிழமையே வேலையை விடறேன்னு லெட்டர் கொடுத்துட்டேன். மிச்ச நாளுக்கு லீவு இருக்கு."

கோவிந்தராசு மகளைப் பார்த்தார். கோபப்படுவாரா என்று வைதேகி திரும்பினாள். மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு புளியோதரையில் வேர்க்கடலை தேடிக்கொண்டிருந்தார். அது சிரிப்பை அடக்குகிற அடையாளம்.

அதைவிட விசித்திரம் லீலா அண்ணி. ஆடியில் ஊசி வாங்காதவர், ஏசி அறைப் பெண் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர், இந்தச் செய்திக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கைத்தொலைபேசியை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணி?"

"பிள்ளை படகு ஓட்டுனதை வீடியோ எடுத்தேன்லா. பெருமையா இருந்துச்சு. நம்ம ஆளுங்க எல்லாருக்கும் அனுப்பினேன்." அண்ணி திரையை மறுபடி தடவினார். "எல்லாருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. திரையில் பெயர் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா.

லீலா அதை வைதேகியிடம் நீட்டினார். வைதேகி எடுக்கவில்லை. தர்ஷினிதான், மணிக்கட்டில் இன்னும் கழற்றாத சிவப்புக் கயிற்றோடு கையை நீட்டி வாங்கி, காதில் வைத்தாள்.

"ஆமா அன்ட்டி," என்றாள். "ஓட்டினது நான்தான்."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, தர்ஷினியின் புருவம் மெல்ல மேலே ஏறியது. தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, அம்மாவைப் பார்த்தாள்.

"ஆவணி வரைக்கும் அவங்களால காத்திருக்க முடியாதாம்மா. மாப்பிள்ளையை அழைச்சுக்கிட்டு வெள்ளிக்கிழமை காலையில அஞ்சு மணிக்குப் படகுத்துறைக்கே வர்றாங்களாம்."